லினக்ஸில் செயலிகள் மெதுவாகி, தானாக மூடிக்கொள்கின்றன. மறுபடி நிறுவினால் சரியாகுமா?

ஆகாது என்றுதான் சொல்வேன். முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். நான் இரண்டு முறை நிறுவிய பிறகுதான் பார்த்தேன்.

வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் டிசைன் செய்து கொடுக்கிறேன். 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் மின்ட். உங்களுடையதும் ஐந்தாறு வருஷம் ஓடிய மெஷினாகத்தான் இருக்கும். ஆவணி முகூர்த்த நெருக்கடியில், நான் டிசைன் செய்யும் இங்க்ஸ்கேப் ப்ரோகிராம் திறக்கவே இரண்டு நிமிஷம் ஆனது. திறந்து ஃபான்ட் பட்டியலை இழுத்தால் ஒரு அறிவிப்பும் இல்லாமல் மறைந்துவிடும். சர்வீஸுக்கு வந்தவர், “லினக்ஸ்னா அப்படித்தான்க்கா, விண்டோஸ் போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் பணமும் வாங்கிக்கொண்டு போனார். டிஸ்க்கைப் பார்க்கவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நானே மின்ட்டை மறுபடி நிறுவினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடிதான். இன்னொரு முறை நிறுவினேன், இரண்டு வாரம். நம்மை ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். படிக்க முடியாமல் போன செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு பகுதி) மேல் புதிதாக எழுதும்போது, அது தேறாது என்றால் டிஸ்க் உபரி இடத்திலிருந்து வேறொன்றை மாற்றிக்கொள்ளும். நிறுவியதால் சரியானது போலத் தெரியும். உள்ளே அடுத்தடுத்த செக்டார்கள் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு ராத்திரி இங்க்ஸ்கேப்பை, கட்டளை தட்டும் டெர்மினலிலிருந்து திறந்தேன். அது மறைந்ததும் ‘பஸ் எரர்’ என்று ஒரு வரி விழுந்தது. ப்ரோகிராமோ ஃபான்ட்டோ முழுசாக ராமுக்கு வருவதில்லை. எந்தப் பகுதி தேவையோ அதை அந்த நேரத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எடுக்க முடியவில்லை என்றால் சிக்பஸ் என்ற சிக்னலை அனுப்பும், ப்ரோகிராம் அங்கேயே முடிந்துவிடும். மெஷின் என்ன செய்கிறது என்று காட்டும் ‘டாப்’ கட்டளையை ஓட்டிப் பார்த்தால் சிபியு வேலையில்லாமல் இருக்கிறது, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும் 70, 80 சதவீதம் என்று நிற்கிறது. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கெர்னல் பதிவுகளைப் பார்த்தால் வரிசையாக ‘ஐ/ஓ எரர்’, அதாவது டிஸ்க்கோடு தகவல் பரிமாற முடியாத பிழை. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டினேன். மேலே ‘பாஸ்டு’ என்று இருந்தது. கீழே 197-ஆம் எண், கரன்ட் பெண்டிங் செக்டார், அதாவது படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்கள், 56. அங்கே 0 இருக்க வேண்டும். ‘பாஸ்டு’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ராம் பற்றாக்குறையாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அப்படியானால் அதே பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று, கொன்ற ப்ரோகிராமின் பெயரோடு இருக்கும். ஸ்மார்ட்சிடிஎல்லில் 199-ஆம் எண், அதாவது கேபிள் வழியே தகவல் போகும்போது வரும் பிழைகள், ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். மெதுவாகாமல் சும்மா சும்மா மூடிக்கொண்டால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். எல்லாருக்கும் டிஸ்க்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பதிவைப் படிக்காமல் நிறுவாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

என்னிடம் இருநூறுக்கு மேல் ஃபான்ட் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. யூனிகோட், டேஸ்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010-இல். இன்றும் எனக்கு வரும் மேட்டரில் பாதி பாமினி, வானவில் என்ற பழைய ஃபான்ட் முறைகளில்தான் வருகிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது ஒரு ‘ஸ்ரீ’ உடைந்தாலும் பத்திரிகையில் பெண் பெயர் தப்பாகிவிடும். திட்டு எனக்குத்தான் விழும். அனுப்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?

சரி, உங்கள் விஷயம். பெண்டிங் செக்டார் இருந்தால், ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கூட ஓட்டாதீர்கள், முதலில் காப்பி எடுங்கள். நான் லைவ் யுஎஸ்பியில் (டிஸ்க் இல்லாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஏறி, கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்கும் டிடிரெஸ்க்யூவால் வெளி டிஸ்க்குக்கு எடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. நான்கு ஃபான்ட்டும் ஒரு பழைய காதுகுத்துப் பத்திரிகையும் போயின. 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி அதே மின்ட்டைப் போட்டேன். இங்க்ஸ்கேப் நான்கு நொடியில் திறக்கிறது, அந்தப் பட்டியலை எவ்வளவு இழுத்தாலும் மறைவதில்லை.