அபிகெயில் ஸ்காட் டனிவே: ஓரிகன் பெண்களுக்கு ஓட்டு வாங்க 40 வருஷம் போராடினவங்க – கேள்வி பதில்

அமெரிக்காவோட மேற்குக் கரையில இருக்குற ஓரிகன் மாநிலத்துல பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சது 1912 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அஞ்சு தடவை அங்க ஆம்பளைங்க ஓட்டுப் போட்டு முடியாதுன்னுட்டாங்க. அந்த ஆறு ஓட்டெடுப்புலயும் நின்னவங்க அபிகெயில் ஸ்காட் டனிவே. ரொம்ப வருஷமா இவங்களைப் பத்தி படிச்சிட்டு வர்றேன், கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, முதல்ல ஒரு சந்தேகம். அமெரிக்கா முழுசுக்கும் 1920ல ஒரே சட்டம் வந்துச்சே, அப்புறம் ஏன் மாநிலம் மாநிலமா போராடினாங்க?

யார் ஓட்டுப் போடலாம்னு முடிவு பண்றது அங்க அந்தந்த மாநிலத்தோட அரசியல் சட்டம்தான். ஓரிகன் சட்டத்துல வெள்ளைக்கார ஆண்னு இருந்துச்சு, அதை மாத்தணும்னா ஓட்டுரிமை உள்ளவங்க, அதாவது ஆம்பளைங்க, ஓட்டுப் போட்டு சம்மதிக்கணும். அப்படி ஒவ்வொரு மாநிலமா ஜெயிச்சதாலதான் பெண்கள் ஓட்டை நம்பி நிக்கிற எம்.பி.க்கள் வாஷிங்டன் நகரத்துல சேர்ந்தாங்க, 1920 சட்டத்துக்கு பலம் வந்ததே அங்கிருந்துதான். அதனால மாநிலத் தலைவிகளை நான் ரெண்டாம் வரிசையா நினைக்க மாட்டேன்.

கேள்வி: எந்த ஊர்க்காரங்க? படிச்ச குடும்பமா?

1834ல இல்லினாய்ஸ்ல ஒரு விவசாயக் குடும்பத்துல பொறந்தாங்க. பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேத்தா ஒரு வருஷம் கூட இருக்காது. 1852ல அப்பா குடும்பத்தையே மாட்டு வண்டில ஏத்தி, 2,000 மைலுக்கு மேல தள்ளி இருந்த ஓரிகனுக்குக் கிளம்பிட்டார். 12 பிள்ளை பெத்து உடம்பு ஓஞ்சு போன அம்மா வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. போற வழியில அம்மா காலராவுல செத்துட்டாங்க, கொஞ்ச நாள்ல கடைசித் தம்பியும் போயிட்டான். தினமும் பயணக் குறிப்பு எழுதுற வேலைய அப்பா 17 வயசு அபிகெயில் கையில குடுத்திருந்தார், அம்மா செத்ததையும் அந்த நோட்டுல எழுதினது அவங்கதான். அடுத்த வருஷமே பென் டனிவேங்குற விவசாயியோட கல்யாணம், ஒரு பொண்ணு அஞ்சு பசங்க.

கேள்வி: சாதாரண விவசாயி மனைவி எப்படி ஓட்டுரிமைப் பக்கம் வந்தாங்க? ஏதாவது கூட்டத்துல பேச்சு கேட்டா?

இல்லங்க, கடன்ல இருந்து. எனக்கு இவங்க கதையில முக்கியமான இடமே இதுதான், கொஞ்சம் விரிவா சொல்றேன்.

பென் நல்ல மனுஷன், ஆனா ஒரு நண்பருக்காக ஜாமீன் கையெழுத்து போட்டார். பொண்டாட்டி வேண்டாம்னு நெனச்சாலும் அதுக்கு சட்டத்துல மதிப்பு கிடையாது. நண்பர் கட்டல, கடன் இவங்க தலைல விழுந்துச்சு, அப்ப வீட்டுக்காரர் வெளிய போயிருந்ததால ஷெரிஃப் வந்து சம்மனை இவங்க கைல குடுத்துட்டுப் போறார். கையெழுத்து போடும்போது என்கிட்ட கேக்க ஆளில்ல, கட்ட வேண்டிய நேரத்துல மட்டும் நான் அவரோட சட்டப் பிரதிநிதியான்னு பின்னாடி தன் சுயசரிதைல கொதிச்சு எழுதிருக்காங்க. பண்ணை போச்சு. அது போதாதுன்னு 1862ல குதிரைங்க மிரண்டு வண்டி விபத்தாகி பென்னுக்கு பலமான அடி, அதுக்கப்புறம் கடினமான வேலை செய்ய முடியல. குடும்பம் மொத்தமும் இவங்க தலைல.

பள்ளிக்கூடம் நடத்தினாங்க, அப்புறம் ஆல்பனிங்குற ஊர்ல பொம்பளைங்களுக்கான தொப்பிக் கடை வெச்சாங்க. கடைக்கு வர்ற பொம்பளைங்க சாமான் வாங்குறதோட தங்க கஷ்டத்தையும் சொல்லுவாங்க. ஒரு அம்மா வெண்ணெய் வித்து சேத்து வெச்ச காசுல பொண்ணுங்களுக்கு மழைத் துணி எடுக்கணும்னு இருந்தாங்க, அந்தக் காசை எடுத்து வீட்டுக்காரர் பந்தயக் குதிரை வாங்கிட்டார். இன்னொருத்தங்க புருஷன் வீட்டு சாமானை எல்லாம் வித்துட்டு ஓடியே போயிட்டான். இதுல எதுவுமே சட்டப்படி தப்பு இல்ல, ஏன்னா மனைவி சம்பாதிச்சதும் புருஷன் சொத்து. ஒரு நாள் ராத்திரி இதையெல்லாம் பென்கிட்ட சொல்லி அழுதப்ப, பெண்களே சட்டம் போடுற உரிமை வர்ற வரைக்கும் இது மாறாதுன்னு சொன்னது அவர்தான். அன்னிக்கு முடிவு பண்ணினாங்க.

கேள்வி: சொந்தமா பத்திரிகை நடத்தினாங்களாமே?

ஆமா, 1871ல குடும்பத்தோட போர்ட்லாண்ட் போய் மே 5ம் தேதி 'நியூ நார்த்வெஸ்ட்'னு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாங்க. பசங்கதான் அச்சுக் கோர்த்தாங்க. தலையங்கம், தொடர்கதை, சட்ட விளக்கம், வாசகர் கடிதத்துக்கு பதில் எல்லாம் இவங்க. சந்தா சேக்கவும் பேசவும் படகுலயும் குதிரை வண்டிலயும் ஊர் ஊரா போவாங்க, 16 வருஷம் நடத்தினாங்க. 1871லயே, நாடு முழுக்க பெண்கள் ஓட்டுக்குப் போராடின தலைவி சூசன் பி. அந்தோணி அந்தப் பக்கம் வந்தப்ப ஓரிகன்லயும் பக்கத்துல இருந்த வாஷிங்டன் பகுதியிலயும் அவங்களைக் கூட்டிட்டு சுத்தினதும் இவங்கதான், மேடைல பேசுற பழக்கமே அந்தப் பயணத்துலதான் முழுசா வந்துச்சு.

கேள்வி: நேரா போய் ஓட்டுப் போட முயற்சி பண்ணினாங்களா?

1872 ஜனாதிபதி தேர்தல்ல போர்ட்லாண்ட்ல இவங்களையும் சேத்து நாலு பெண்கள் ஓட்டுச் சீட்டோட போனாங்க, அதுல மேரி பீட்டின்னு ஒரு கறுப்பினப் பெண்ணும் உண்டு. சீட்டை வாங்கினாங்க, ஆனா பெட்டிக்குள்ள போடாம பெட்டிக்கு அடியில வெச்சுட்டாங்க, எண்ணல.

கேள்வி: எதிர்ப்பு எப்படி இருந்துச்சு? முட்டை அடிச்சாங்கன்னு படிச்சேன்.

1879ல ஜாக்சன்வில்ங்குற ஊர்ல முட்டை அடிச்சு, உருவ பொம்மை கட்டி எரிச்சாங்க. ஊரை விட்டு ஓடல, அதை அப்படியே தன் பத்திரிகைல எழுதினாங்க.

ஆனா பெரிய எதிர்ப்பு வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. கூடப் பொறந்த தம்பி ஹார்வி ஸ்காட், ஓரிகன்லயே பெரிய பேப்பரான 'ஓரிகோனியன்'க்கு ஆசிரியர், பெண்களுக்கு ஓட்டு கூடாதுன்னு உறுதியா நின்னவர். 1884ல முதல் ஓட்டெடுப்பு, 28,176க்கு 11,223ன்னு தோத்தாங்க. 1900ல நிலைமை எவ்வளவோ மாறி ஏறக்குறைய 2,000 ஓட்டு வித்தியாசத்துல கைநழுவிப் போச்சு, அந்தத் தடவையும் தம்பி பேப்பர் எதிர்த்துதான் எழுதுச்சு. அதுக்கப்புறமும் அவங்க விடாம நடந்தது எனக்கு இன்னிக்கும் மலைப்பா இருக்கு. 1910ல ஹார்வி செத்துப் போனார்.

கேள்வி: மதுவிலக்குப் பெண்களோட இவங்களுக்கு சண்டைன்னு சொல்றாங்களே, குடிக்கு ஆதரவா இருந்தாங்களா?

குடிக்கு ஆதரவு இல்ல. அப்ப ஓட்டுரிமை கேட்ட பெண்கள்ல பல பேர் மதுவிலக்கு சங்கத்துலயும் இருந்தாங்க. ஓட்டுப் போடப் போறது ஆம்பளைங்க, பொம்பளை கைக்கு ஓட்டு போனா நாளைக்கே சாராயக் கடைய மூடிருவாங்கன்னு அவங்க பயந்தா எப்படி சரின்னு குத்துவாங்கன்னு இவங்க கேட்டாங்க. அதனால ரெண்டையும் தனித்தனியா வைன்னு சொல்லிட்டே இருந்தாங்க, சாராய வியாபாரிங்ககிட்ட காசு வாங்கிட்டாங்கன்னு பழி கூட வந்துச்சு. கணக்கு என்னவோ இவங்க சொன்னது சரின்னுதான் நான் நெனக்கிறேன்.

இதே காரணத்துக்காக ஊர்வலம், பெரிய மாநாடு எல்லாம் இவங்களுக்குப் பிடிக்காது. சத்தமில்லாம முக்கியமான ஆளுங்களை ஒவ்வொருத்தரா பாத்து சம்மதிக்க வைக்கிறதுதான் அவங்க வழி. 1906ல தேசிய பெண்கள் ஓட்டுரிமைச் சங்கத் தலைவி அன்னா ஹோவர்ட் ஷாவும் அவங்க ஆளுங்களும் வந்து பிரசாரத்தை கைல எடுத்தப்ப பெரிய பிணக்கு, அந்த ஓட்டெடுப்பும் தோத்துச்சு. 1908ம் தோல்வி.

கேள்வி: அவங்க பண்ணின தப்புன்னு எதைச் சொல்வீங்க?

1910. வரி கட்டுற பெண்களுக்கு மட்டும் ஓட்டுன்னு ஒரு தீர்மானத்தை முன்னுக்குக் கொண்டு வந்தாங்க. வெண்ணெய்க் காசு போன அந்த அம்மா மாதிரி பெண்களுக்காக ஆரம்பிச்ச போராட்டத்துல சொத்து இருந்தாத்தான் ஓட்டுங்குறது எனக்கு உறுத்துது. அதுவும் நல்லாவே தோத்துச்சு. இன்னொண்ணு, தலைமைய இளசுங்களுக்கு விட்டுக் குடுக்க அவங்களுக்கு மனசு வரல, கூட வேலை செஞ்சவங்க பல பேர் விலகிப் போனாங்க.

கேள்வி: அப்ப 1912ல மட்டும் எப்படி ஜெயிச்சாங்க?

பக்கத்து மாநிலங்கள் முந்திருச்சு. ஐடஹோல 1896லயே வந்தாச்சு, அதுக்கும் இவங்க போய்ப் பேசிருக்காங்க, வாஷிங்டன்ல 1910, கலிஃபோர்னியாவுல 1911. சுத்தி இருக்குறவங்க போடுறாங்க, நம்ம வீட்டுப் பெண்கள் மட்டும் ஏன் கூடாதுன்னு கேள்வி வந்துருச்சு. அப்ப அபிகெயிலுக்கு 78 வயசு, பெரும்பாலும் படுக்கைல. களத்துல நின்னது எஸ்தர் போல் லவ்ஜாய்னு ஒரு டாக்டர் மாதிரி அடுத்த தலைமுறை. 25 சென்ட் குடுத்தா யார் வேணா சேரலாம்னு ஒரு சங்கம் வெச்சாங்க, கார்ல பிரசாரம், போஸ்டர்னு கிழவிக்குப் பிடிக்காத எல்லாமே பண்ணினாங்க. 61,265க்கு 57,104ல ஜெயிச்சுது. ரெண்டு வழியும் தேவைப்பட்டுச்சுன்னு நான் சொல்வேன், அந்த வீடு வீடா பேசின வருஷங்கள் இல்லாம போஸ்டர் மட்டும் ஜெயிச்சிருக்காது.

ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் அதிகாரபூர்வ பிரகடனத்தை எழுதச் சொல்லி இவங்களையே கேட்டார், நவம்பர் 30ம் தேதி இவங்களும் சேந்து கையெழுத்து போட்டாங்க. ஒரு காலத்துல வீட்டுக்காரர் போட்ட கையெழுத்துக்கு வாயத் திறக்க உரிமை இல்லாம நின்னவங்க, மாநிலத்தோட பிரகடனத்துல கையெழுத்து போட்டாங்க.

கேள்வி: எல்லாப் பெண்களுக்கும் கிடைச்சுதா? கறுப்பின, செவ்விந்தியப் பெண்கள்?

நல்ல கேள்வி, இதை விட்டுட்டு பேசக் கூடாது. கறுப்பினப் பெண்களுக்கு 1912லயே கிடைச்சுது, போர்ட்லாண்ட்ல ஹாட்டி ரெட்மண்ட் தலைமைல அவங்க தனியா சங்கம் வெச்சு வேலை பாத்தாங்க, ரெட்மண்ட் பல வருஷம் கோர்ட் கட்டடத்துல துப்புரவு வேலை செஞ்சவங்க, அவங்க பேரு சமீப காலத்துலதான் வெளிய வந்துச்சு. சீனாவுல பொறந்து வந்த பெண்களுக்குக் கிடைக்கல, ஏன்னா அவங்க குடியுரிமை வாங்கவே சட்டம் விடல. பழங்குடிப் பெண்கள்ல பலர் 1924 குடியுரிமைச் சட்டம் வரைக்கும் காத்திருந்தாங்க. கறுப்பரும் சீனரும் ஓட்டுப் போடக் கூடாதுங்குற பழைய வரி செல்லாததா ஆன பிறகும் ஓரிகன் அரசியல் சட்டத்துல 1927 வரைக்கும் எழுதியே கிடந்துச்சு.

கேள்வி: நாடு முழுக்க வந்ததைப் பாத்தாங்களா? எங்க இருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

பாக்கல, 1915 அக்டோபர்ல போயிட்டாங்க. ஆனா ஓரிகன்ல தானே ஓட்டுப் போட்டுட்டுத்தான் போனாங்க. படிக்கணும்னா 1914ல வந்த சுயசரிதைல ஆரம்பிங்க, இங்கிலீஷ்தான், பழைய நடை, கோவமும் பெருமையும் ரெண்டும் இருக்கும். அதைவிட எனக்குப் பிடிச்சது 'நியூ நார்த்வெஸ்ட்' பழைய இதழ்கள், இணையத்துல இலவசமா கிடைக்குது. அதுல வாசகர் கடிதத்துக்கு அவங்க எழுதின பதில்களை முதல்ல படிங்க.