ஊசியின் எடை

அன்புள்ள ஐயா,

இங்கே ஒரு பழைய பொருள் கடையில் தோரன்ஸ் டிடி 160 இசைத்தட்டுக் கருவி ஒன்றை வாங்கி, அப்பா யாழ்ப்பாணத்தில் சேர்த்து வைத்திருந்த நாகசுரத் தட்டுகளை அதில் கேட்டு வருகிறேன். அதிலேயே பொருத்தியிருந்த ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சைகையாக்கும் தலைப்பகுதி), பக்கம் முடியும் தறுவாயில் நாதம் கரகரக்கிறது. தட்டு தேயக்கூடாது என்று ஊசி தட்டின்மேல் அழுத்தும் எடையை 1.2 கிராமிலேயே வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஊசித்தலையில் நாணயம் வைத்தே தட்டுகளைக் கெடுத்தார்கள் என்பார் அப்பா. டெனான் டிஎல்-103, ஆடியோ டெக்னிகா விஎம்95எம்எல் ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

க., பாசல்

அன்புள்ள க.,

இரண்டும் நல்லவை, இரண்டும் டிடி 160-இல் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைக்குப் பொருந்துபவை. டெனான் தரும் மின்சைகை வெறும் 0.3 மில்லிவோல்ட், உங்கள் ரெட் தருவதோ 5.5, ஆகவே டெனானுக்கு அதற்கேற்ற முன்பெருக்கி வேண்டும். அந்தச் செலவுக்கு மனமில்லையென்றால் மற்றதை வாங்குங்கள்.

ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 1.2 கிராமை என்னால் தாண்டிச் செல்ல முடியவில்லை. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு ஆர்ட்டோஃபோன் வகுத்திருப்பது 1.6 முதல் 2 கிராம் வரை, பரிந்துரைப்பது 1.8. அப்பாவின் தட்டுகளுக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணிக்கொண்டு அவற்றை நீங்கள் நாள்தோறும் செதுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உரத்த, உயர்ந்த சுரங்கள் வரும்போது தடத்தின் சுவர் ஊசியை வேகமாகத் தள்ளுகிறது. அழுத்தம் போதாத ஊசி சுவரைவிட்டு எகிறி மீண்டும் விழுகிறது, விழுவது வைரம், தாங்குவது வினைல். நீங்கள் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் அந்த மோதலின் ஓசைதான். அது பக்க முடிவில் மிகுவதற்கும் காரணம் உண்டு. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும்போது, வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் தடம் ஊசிக்கடியில் ஓடுகிறது; உட்பகுதியிலோ அது 21 அளவுக்குக் குறைந்துவிடுவதால், அதே நாதத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டவேண்டியிருக்கிறது. விஎம்95எம்எல்-இன் நுண்ணிய முனை அந்த நெருக்கத்தை இன்னும் தெளிவாகப் படிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குரிய 2 கிராமைக் கொடுக்காமல் அதையும் 1.2-இல் மிதக்கவிட்டால், பணம் போனதுதான் மிச்சம்.

அப்பா சொன்ன நாணயத்தை நானும் அறிவேன். எங்கள் மாமா வீட்டு இசைத்தட்டுப் பெட்டியில் ஊசித்தலைமேல் 25 பைசா ஒன்று பசைநாடா போட்டு ஒட்டியிருந்தது. தட்டு துள்ளினால் நாணயம், மறுபடி துள்ளினால் இன்னொரு நாணயம். பின்னாளில் அந்த ஊசியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன்: நீலக்கல் முனையின் இரு பக்கமும் தட்டையாகத் தேய்ந்து, உளியின் வாயைப் போல் விளிம்பு கட்டியிருந்தது. நீலக்கல் முனை சில பத்து மணி நேரங்களில் தேய்ந்துவிடக்கூடியது. மாமா அதை வருடக்கணக்கில் மாற்றவில்லை. நாணயம் அந்த உளியை இன்னும் ஆழமாக அழுத்தியது, அவ்வளவே. நம் வீடுகளில் பழி முழுவதும் எடையின்மேல் விழுந்தது, தேய்ந்த ஊசி தப்பித்துக்கொண்டது. நீங்களும் அந்தப் பயத்தைச் சொத்தாகப் பெற்றிருக்கிறீர்கள், ஆனால் கடைக்காரர் கொடுத்த ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ஒரு சிறிய ஊசித் தராசு வாங்குங்கள். பழைய கையின் அளவுக்குறிகளை நம்பவேண்டாம். 1.8 கிராம் வைத்து, முதலில் அந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏதேனும் நல்ல நிலையிலுள்ள தட்டைப் போட்டுக் கேளுங்கள். அதில் நாதம் சுத்தமாக வந்து, அப்பாவின் தட்டில் மட்டும் கரகரத்தால், அது ஏற்கெனவே விழுந்த காயம். எந்தக் கார்ட்ரிட்ஜும் அதை ஆற்றாது. இரண்டிலும் கரகரத்தால் ஊசியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆர்ட்டோஃபோனின் 2எம் ப்ளூ கார்ட்ரிட்ஜின் ஊசி உங்கள் ரெட்டின் உடலிலேயே பொருந்தும்.