டேப்லெட் வாங்கிய பிறகு உங்கள் லேப்டாப்பும் போனும் என்ன ஆயின?

கேள்விக்குக் கீழே கேட்டவர் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கையில் போனும் மேசையில் லேப்டாப்பும் இருக்கும்போது டேப்லெட் வெட்டிச் செலவு என்று வீட்டில் சொல்கிறார்கள்." அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. பெட்டியைப் பிரித்த அன்று என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போனைப் பெரிசாக்கி, பேச முடியாமப் பண்ணிக் கொடுத்திருக்கான். இதுக்கு இவ்வளவு காசா?" என்றார்.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் பதில் புரியாது. நான் மெய்ப்பு பார்க்கிறவள், அதாவது புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவள். மதுரையில் வீட்டிலிருந்தபடியே சென்னைப் பதிப்பகங்களுக்குப் புரூஃப் திருத்திக் கொடுக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிறது. வயது 49, கண்ணாடி இரண்டு. படம் பார்க்கவும் விளையாடவும் மட்டும் வாங்குவதாக இருந்தால் என் அனுபவம் உங்களுக்கு உதவாது. ஆனால் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்றால் நீங்களும் என் கட்சிதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் வாங்கியது சாம்சங் டேப் எஸ்6 லைட், 10.4 அங்குலத் திரை. ஐபேட் வாங்கியிருக்கலாமே என்று கருத்துப் பகுதியில் வரப்போகிறவர்களுக்கு: இதில் பேனா பெட்டிக்குள்ளேயே வந்தது, அந்தப் பேனாவுக்குச் சார்ஜும் வேண்டாம். ஐபேடுக்குப் பேனா தனிக் காசு. அவ்வளவுதான், வேறு பகை கிடையாது.

எல்லோரும் லேப்டாப் என்ன ஆனது என்றே கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் படுத்தது பிரிண்டர். முன்பெல்லாம் 300 பக்கப் புத்தகம் வந்தால் 300 ஏ4 தாளில் அச்செடுப்பேன். முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, இறுதி மெய்ப்பு என்று மூன்று சுற்று முடிந்தால் இரண்டு ரீமுக்குக் (ஒரு ரீம் 500 தாள்) கொஞ்சம் குறைவாகத் தாள் செலவாகியிருக்கும். தாளும் டோனரும் என் காசு. சிவப்புப் பேனாவால் திருத்தி, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், அவசரமென்றால் கூரியர்.

இப்போது அந்த வேலை முழுக்க டேப்லெட்டில். தமிழில் நாவல், கட்டுரைத் தொகுப்பெல்லாம் பெரும்பாலும் டெமி அளவில்தான் வருகின்றன. பக்கம் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஒருநாள் ஸ்கேல் வைத்து என் திரையை அளந்தேன். நெட்டுக்குத்தாகப் பிடித்தால் ஏறக்குறைய 13.5க்கு 22.5. வாசகர் கையில் என்ன அளவில் எழுத்து இருக்கப்போகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவில் எனக்கும் தெரிகிறது. போனில் பெரிதாக்கிப் பார்த்தால் வரி தெரியும், பக்கம் தெரியாது. பத்தியின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாகத் தொங்குவதையெல்லாம் போனில் பிடிக்கவே முடியாது. லேப்டாப்பில் பிடிக்கலாம், ஆனால் எட்டு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை மேடையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் காட்டினார். கால்மேல் கால் போட்டு அவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது பணக்காரர் விளையாட்டு என்று நினைத்தேன். இடுப்பு வலி வந்த பிறகு அந்த நாற்காலியின் அர்த்தம் புரிந்தது.

எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. ஒருமுறை ஒரு சிறுகதைத் தொகுப்பில் 'மகள்' என்ற சொல்லில் க மேல் புள்ளி இருந்தது. புள்ளியை நீக்குக என்று குறித்தேன். பக்கத்தைத் தள்ளினால் அடுத்த பக்கத்திலும் அதே உயரத்தில், ஒரு வெற்று இடத்தில், புள்ளி. அதற்கடுத்த பக்கத்தில் ஒரு ட மேல். சேலை முந்தானையால் துடைத்தேன், போய்விட்டது. கடுகு தாளிக்கும்போது அடுப்படி மேடையில் வைத்திருந்தது என் தப்புதான். அதுவரை திருத்தியதில் எத்தனை இடத்தில் எண்ணெய்த் துளியை எழுத்தின் புள்ளி என்று நினைத்து நீக்கச் சொல்லியிருக்கிறேனோ என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். மூன்று இடம் கிடைத்தது.

இன்னொன்று இதைவிட மோசம். 180 பக்கம் பேனாவால் திருத்தி அனுப்பினேன். அன்று சாயங்காலமே பக்கம் வடிவமைக்கிற தம்பி போன் செய்தார். "அக்கா, 180 பக்கத்துல ஒரு பிழைகூட இல்லையா? நான் அவ்வளவு சுத்தமாவா அடிச்சிருக்கேன்?" குரலில் அத்தனை சந்தோஷம். நான் பேனாவால் போட்ட குறிகள் பிடிஎஃப் மேல் தனி அடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. அவர் போனில் திறந்த செயலி அந்த அடுக்கைக் காட்டவில்லை. அவரை ஏமாற்ற எனக்கே மனசு வரவில்லை. அன்றிலிருந்து குறிகளைப் பக்கத்தோடு ஒட்டி, படமாக மாற்றித்தான் அனுப்புகிறேன். உங்களுக்கும் இது நடக்கும், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன். விற்றுவிடலாம் என்று முதல் மாதம் நினைத்தது உண்மை. நல்லவேளை விற்கவில்லை. தமிழில் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. 'வௌவால்' என்பதை வௌ என்ற ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், வெ போட்டுப் பக்கத்தில் ள போட்டும் அடிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத்தான் இருக்கும். டேப்லெட் என்ன, பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. மின்நூலாகப் போட்ட பிறகு யாராவது தேடினால் அகப்படாது, அப்போதுதான் தெரியும். கணினியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு நாவலில் பாழடைந்த மண்டபம், பக்கத்துக்குப் பக்கம் வௌவால். இப்படி இருக்கிறது என்று பதிப்பகத்தில் சொன்னேன். அங்கே யாரோ ஒருவர் வெ, ள எங்கெல்லாம் சேர்ந்து வருகிறதோ அங்கெல்லாம் ஒரே அழுத்தில் வௌ என்று மாற்றிவிட்டார். அடுத்த மெய்ப்பில் வெளிச்சம், வெளியூர், வெள்ளரிக்காய் எல்லாம் நடுவில் புள்ளிவட்டத்தோடு உடைந்து கிடந்தன. அதை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டேப்லெட் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

நீளமாக எழுதவும் லேப்டாப்தான். இந்தப் பதிலையும் அதில்தான் தட்டுகிறேன், தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில். கண்ணாடித் திரையில் விரலுக்கு எந்த எழுத்து எங்கே என்று பிடிபடுவதில்லை. புளூடூத் கீபோர்டு ஒன்றும் வாங்கினேன். இரண்டையும் பையில் போட்டுத் தூக்கியபோது லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் போலிருந்தது. ஆக, முன்பு தினமும் பத்து மணி நேரம் ஓடிய லேப்டாப் இப்போது வாரத்தில் மூன்று நாள், தேடவும் எழுதவும் பில் போடவும் மட்டும்.

பில் என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். நான் தாள் வாங்குவதில்லை என்று தெரிந்ததும் ஒரு பதிப்பகத்தில், "இப்பதான் உங்களுக்குச் செலவே இல்லையே" என்று பக்கத்துக்கான தொகையை ஏற்ற மறுத்தார்கள். டேப்லெட்டை யார் காசில் வாங்கினேன்? அட்டை வடிவமைத்தவர் பெயர் உள்ளே போடுகிறார்கள், அச்சகத்தின் பெயர் போடுகிறார்கள், மெய்ப்பு பார்த்தவர் பெயரை எத்தனை புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்? பிழை இருந்தால் மட்டும் எங்கள் ஞாபகம் வரும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்காக நவம்பரிலிருந்து தூங்காமல் பார்த்துக் கொடுப்போம். காசு சித்திரைக்குள் வந்தால் அதிர்ஷ்டம். எல்லாரும் இப்படி இல்லை, முன்பணம் தருகிறவர்களும் உண்டு. சண்டைக்கு வர வேண்டாம்.

போனில் பெரிய கதை இல்லை. அழைப்பு, ஓடிபி, ஜிபே, பேருந்தில் கொஞ்சம் செய்தி. முன்பு அவசரத்துக்குப் போனிலேயே நாலு பக்கம் பார்ப்பேன், அது அடியோடு நின்றது. தலைவலியும் குறைந்தது. அது டேப்லெட்டாலா, புதுக் கண்ணாடியாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் இன்னொரு கருவியும் மாறியது, டிவி. அம்மாவுக்கு 74 வயது. என் கூடப்பிறந்த தம்பியின் குடும்பம் சிங்கப்பூரில். போனில் பேத்தியின் முகம் தீப்பெட்டி அளவு தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் டேப்லெட்டைக் கொடுத்தேன். அதோடு சரி. மத்தியான சீரியல் போய்விட்டது. மூன்று மணிக்குச் சுவரோரம் தலையணையை நிறுத்தி, அதில் டேப்லெட்டைச் சாய்த்து, பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்காகக் காத்திருப்பார். வருவதற்குள் ஏதாவது கோவில் அபிஷேகம் ஓடும். என் வீட்டுக்காரரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் பழைய கிரிக்கெட் ஆட்டம் பார்க்கிறவர் அவர்தான்.

அதனால் எனக்கு அது கிடைப்பது காலையிலும் அம்மா தூங்கிய பிறகும்தான். எப்போது அவர்களிடமிருந்து கையில் வாங்கினாலும் துடைக்கிற துணியோடுதான் உட்கார வேண்டும், திரை முழுக்கத் தேங்காயெண்ணெய் விரல். இரண்டாவதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.