காசநோய்: ஒரு நெஞ்சக மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மூன்று வாரமாக இருமல். சிரப் குடித்தும் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கவா டாக்டர்?

பதில்: எடுக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை கட்டாயம். அரசு மருத்துவமனையில் இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். நன்றாக மூச்சிழுத்து, இருமி வரும் சளி வேண்டும்.

கேள்வி: டிபி (காசநோய்) மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சிறுநீர் சிவப்பாகப் போகிறது.

பதில்: ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் நிறம் அது, பயம் வேண்டாம். கண் மஞ்சளானால் மட்டும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மாமனாருக்கு நுரையீரல் டிபி. மாத்திரை தொடங்கி ஒரு மாதம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். அவரைக் கிராமத்துக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. இதற்குச் சென்னை சேத்துப்பட்டில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில் வைத்தார்கள். மறு பாதிக்கு வீட்டிலேயே மருந்து. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் உண்டு, வீட்டில் நெரிசலும் அரைவயிறும். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. பெரும்பாலும் தொற்று ஒட்டுவது நோயைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய மாதங்களில்தான். கிருமி வருவது இருமல் காற்றில். தட்டைத் திரும்ப ஒன்றாக வையுங்கள். குழந்தையை மட்டும் இந்த வாரமே காட்டுங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தருவார்கள்.

கேள்வி: டாக்டர், அது அந்தக் காலம். இப்போது எல்லாம் ஏசி அறை, அடைத்த ஜன்னல். ஒதுக்கி வைப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: ஏசி பற்றி நீங்கள் சொல்வது சரி. மூடிய அறையில் கிருமி மிதந்துகொண்டே இருக்கும். அதற்கு ஜன்னலைத் திறங்கள், முதல் சில வாரம் அவர் மாஸ்க் போடட்டும், முடிந்தால் தனியாகப் படுக்கட்டும். மனிதரை ஏன் வெளியேற்ற வேண்டும்? ஒதுக்குவார்கள் என்று பயந்தே பலர் இருமலை மறைக்கிறார்கள். பரவுவது அங்கேதான். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

கேள்வி: பிசிஜி தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் டிபி வருமா?

பதில்: வரலாம். மூளைக் காய்ச்சல் மாதிரியான கடுமையான டிபியிலிருந்து குழந்தைகளை அது நன்றாகக் காக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுக்கவில்லை என்று 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது.

கேள்வி: இரண்டு மாதத்தில் இருமல் போய்விட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. டாக்டர் சொன்ன ஆறு மாதமும் சாப்பிடுங்கள்.

கேள்வி: தட்டு தனியாக...

பதில்: மாமனார் பற்றிய கேள்விக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எடை கூடிவிட்டது, இப்போதாவது நிறுத்தலாமா?

பதில்: கூடாது! பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறும் அபாயம் உண்டு.

கேள்வி: வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாட்டில் என்ன கவனிக்கணும்?

பதில்: நல்ல கேள்வி. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது: அவர்களிடையே புதிதாக டிபி வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. பருப்பு, முட்டை, கடலை போதும். விலை உயர்ந்த பவுடர் வேண்டாம். நோயாளிக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாயையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அக்காவுக்கு முதுகெலும்பில் டிபி. ஆபரேஷன் தேவையா?

பதில்: அதை எலும்பு மருத்துவர்தான் சொல்லணும். நுரையீரலில் இல்லையென்றால் அவரிடமிருந்து யாருக்கும் பரவாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.