அந்த மூணு மெடலையும் தேய்க்காதீங்க, மொதல்ல ஓரத்தப் படிங்க

லண்டன்ல இருக்கிற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: பக்கத்து வீட்டு வெள்ளைக்கார பாட்டி, தன் அப்பா முதல் உலகப்போர்ல வாங்கின மூணு மெடல இவங்ககிட்ட குடுத்து விவரம் பாத்து சொல்லச் சொன்னாங்களாம். ஒண்ணு நட்சத்திரம், ரெண்டு வட்டம், எல்லாம் கறுத்துக் கிடக்கு, விபூதி போட்டுத் தேய்க்கலாமா, இது வீரத்துக்குக் குடுத்ததா, அவர் எங்க சண்டை போட்டார்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. வீட்டு வெள்ளி விளக்குக்கு விபூதி சரி, இதுக்கு வேணாம். வட்ட மெடல் ரெண்டையும் நிமிர்த்திப் பிடிச்சு, டார்ச்ச சாய்ச்சு அடிச்சு ஒல்லியான விளிம்பப் பாருங்க, அவரோட நம்பர், ரேங்க், பேர், ரெஜிமென்ட் எல்லாம் பொடி எழுத்துல குத்தியிருக்கும், நட்சத்திரத்துல அதே விவரம் பின்பக்கம் இருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் மழுங்கும். அது போச்சுன்னா அந்த மெடல் யாரோடதுன்னே தெரியாது.

நட்சத்திரத்துல பி.டி.ஈ.ன்னும் (Pte, அதாவது பிரைவேட், சாதாரண சிப்பாய்) வட்டத்துல சார்ஜென்ட்னும் இருந்தா குழம்பாதீங்க, நடுவுல ப்ரமோஷன் வாங்கியிருக்கார்னு அர்த்தம்.

வீரத்துக்கான்னு கேட்டா, இந்த மூணும் அதுக்கு இல்ல, போர்முனைக்குப் போய் சேவை செஞ்சதுக்கு. வெள்ளியில பிரிட்டிஷ் வார் மெடல், வெண்கலத்துல றெக்கை வச்ச பெண் உருவம் இருக்கிறது விக்டரி மெடல். நட்சத்திரத்து நடுவுல 1914-15ன்னு இருந்தா 1915 முடியறதுக்குள்ள போர்முனைக்குப் போயிட்டார், 1916ல கிளம்பினவங்களுக்கு ரெண்டு வட்டம் மட்டும்தான். சிப்பாய்க்கு வீரத்துக்குக் குடுத்த மிலிட்டரி மெடல் தனி, அது 1916ல தொடங்கினது, அரசாங்க இதழான லண்டன் கெஸட்டுல பேர் வந்திருக்கும், வீட்டுல வேற டப்பால இருக்கான்னு பாட்டிகிட்ட ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

எங்க போனார்ங்கறதுக்கு லண்டன்ல கியூங்கற (Kew) இடத்துல இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ், அதாவது அரசு ஆவணக் காப்பகத்தோட வெப்சைட்ல, அவருக்கு என்னென்ன மெடல்னு குறிச்சு வச்ச மெடல் இண்டெக்ஸ் கார்டத் தேடுங்க, பேர வச்சு மட்டும் தேடினா ஒரே பேர்ல நூறு பேர் வருவாங்க, விளிம்புல இருக்கிற நம்பரையும் சேர்த்துப் போடுங்க. 1915லயே போனவர்னா கார்டுல முதல்ல இறங்கின போர்முனையும் தேதியும் இருக்கும், 1ன்னா பிரான்ஸ், 2பி (2B)ன்னா துருக்கியில இருக்கிற கலிப்போலி. முழு சர்வீஸ் ரெக்கார்டும் கிடைச்சா அதிர்ஷ்டம்தான், ஏன்னா 1940 செப்டம்பர்ல ஜெர்மன் குண்டு விழுந்து அந்த ரெக்கார்டெல்லாம் வச்சிருந்த கோடவுனே எரிஞ்சு பாதிக்கு மேல போயிடுச்சு, மிச்சம் இருக்கிற தாளெல்லாம் ஓரம் கருகி, தண்ணில ஊறின கறையோட இருக்கும், அதப் பாக்கறப்ப எனக்கு இன்னிக்கும் மனசு கனத்துப் போகும்.

ரெக்கார்டு இல்லன்னா விட்டுடாதீங்க. ஒரு ரெஜிமென்ட்ல ஏகப்பட்ட பட்டாலியன் உண்டு, எதுல இருந்தார்னு மெடல் வாங்கினவங்க பட்டியலான மெடல் ரோல்ல பெரும்பாலும் இருக்கும். அது தெரிஞ்சதும் அந்த பட்டாலியனோட தினசரிக் குறிப்பான வார் டைரிய எடுத்து, கார்டுல இருக்கிற தேதியில இருந்து நாள் நாளாப் படிங்க, சாதாரண சிப்பாய் பேர் அதுல அபூர்வமாத்தான் வரும், ஆனா எந்த ஊர்ல முகாம், எந்த ராத்திரி ட்ரெஞ்சுக்குப் போனாங்க, அன்னிக்கு எத்தன பேர் அடிபட்டாங்கன்னு ஆபீசர் எழுதி வச்சிருப்பார். அதப் பாட்டி பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிச்சுக் காட்டுங்க.