பின்சர் கிராம நடைக்குக் கிளம்பும் முன்

உத்தராகண்டில் அல்மோராவை அடுத்த பின்சர் சரணாலயத்தில், கிராமத்து விடுதிகளில் இரவு தங்கி ஊர் விட்டு ஊர் நடப்பதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

வயது 58. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். போதுமா?

மூச்சுக்குப் போதும், முழங்காலுக்குப் போதாது. ஏற்றத்தில் இரைத்தால் நின்றுகொள்ளலாம், இறக்கத்தில்தான் வினை. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக, ஓடை வரை இறங்கி மறுபக்கம் ஏற வேண்டியிருக்கும். அடுக்குமாடிக்காரர்கள் லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்கிப் பழகுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்! முதுகில் நாலு கிலோ பையோடு, ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். மூட்டுவலி ஏற்கெனவே இருந்தால் முதலில் டாக்டர்.

புது ஷூ வாங்கலாமா?

வாங்குங்கள், ஆனால் இன்றே. அங்கே போடப்போகும் அதே சாக்ஸோடு இங்கேயே போட்டுத் தேயுங்கள். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். பாதையில் சிர் பைனின் ஊசியிலைகள் மெத்தையாக உதிர்ந்து கிடக்கும்; காய்ந்த சரிவில் எண்ணெய் கொட்டிய தரைபோல வழுக்கும். கைத்தடி ஒன்று அவசியம். இறங்கும்போது பெருவிரல் ஷூ முனையில் முட்டி முட்டி நகம் கறுத்துப்போகும். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஒவ்வொரு பெரிய இறக்கத்துக்கு முன்பும் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள்.

உயர நோய்க்கு மாத்திரை?

தேவைப்படாது. அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் வருவது. பின்சரின் உச்சியே 2,400ஐ ஒட்டித்தான். காத்கோதாமில் ரயில் இறங்கி அல்மோரா வரை போகும் கொண்டை ஊசி வளைவுகளுக்கு வாந்தி மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

அக்டோபர், நவம்பர். மழை கழுவிய வானத்தில் திரிசூலும் நந்தா தேவியும் (7,816 மீட்டர்) துல்லியமாகத் தெரியும். பனிமலை மங்கினாலும் பரவாயில்லை, காடு சிவக்கப் பூத்த புராஞ்ச் மரங்கள் போதும் என்பவர்களுக்கு மார்ச். மே, ஜூனில் காட்டுத்தீ பயம் உண்டு. 2024 ஜூனில் பின்சரில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவும் அட்டையும். பள்ளி விடுமுறைக்காக மே மாதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பது என் கட்சி.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

கேழ்வரகு ரொட்டி, கொள்ளுப் பருப்பு, கறுப்புச் சோயாக் குழம்பு, சோறு. நம் பாட்டிமார் அடுப்படியில் இருந்ததுதான், தாளிப்பு மட்டும் வேறு. பொடி டப்பாவை வீட்டிலேயே விடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்ததா என்று கேட்டுக் குடியுங்கள். குளிக்க வெந்நீர் ஒரு வாளிதான் வரும். பெண்கள் காட்டில் பொறுக்கிச் சுமந்து வந்த விறகில் காய்ந்தது அது. இரண்டாவது வாளி கேட்காதீர்கள்.

குழந்தைகளுக்குச் சாக்லேட் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அடுத்து வருபவரிடம் கை நீட்டப் பழக்கிவிடும். ஏதாவது செய்யத் தோன்றினால் வழிகாட்டியிடம் கேட்டு, ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் நோட்டுப் புத்தகங்களைக் கொடுங்கள்.

ஜிபே போதுமா?

சிக்னல் கிடைத்தால் கிடைத்ததுதான். அல்மோராவிலேயே பணம் எடுத்துவிடுங்கள், முடிந்தவரை நூறு ரூபாய்த் தாள்களாக. மலைமேல் ஐந்நூறுக்குச் சில்லறை தேடி அலைய வேண்டியிருக்கும்.