கேபிள் இழுக்கிற வேலையா என்று கேட்ட மாமாவுக்கும் சேர்த்து

அம்மா, வணக்கம்.

தம்பியை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க வந்துவிட்டுச் சனிக்கிழமை நீங்கள் கிளம்பும்போது, "கவலைப்படாதீங்க, ரிசல்ட் நல்லாத்தான் இருக்கு, எதிலயாவது இடம் கிடைச்சிடும்" என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் பினாங்குப் பாலத்தில் வண்டி நகராமல் நின்றபோது, அப்படிப் பட்டும் படாமலும் பேசி அனுப்பியது தப்பு என்று உறைத்தது. நேரில் சொல்லத் தயங்கியதை எழுதிவிடுகிறேன். தம்பியின் மாமாவுக்கும், அதான் உங்கள் அண்ணனுக்கும், படித்துக் காட்டுங்கள்.

தம்பியை டாக்டராக்க அவர் சொன்ன திட்டத்தை ஏற்க என்னால் முடியவில்லை. தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் பெரும்பாலும் மூன்று லட்சம் மலேசிய வெள்ளிக்கு மேல். அதற்கு ஆயர் ஈத்தாம் வீட்டை அடகு வைப்பது, அப்பாவின் சேமநிதியில் கைவைப்பது, மீதிக்குக் கடன். முன்படிப்போடு சேர்த்து ஆறு வருடம், அப்புறம் மருத்துவமனையில் ஹவுஸ்மேன் பயிற்சி. 2016 கடைசியிலிருந்து அரசாங்கம் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இதெல்லாம் தெரிந்தும் பையன் டாக்டராகத்தான் ஆவேன் என்று நின்றால், எஸ்டிபிஎம், மெட்ரிகுலேசன் என்று அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வேறு வழி பேசலாம். அவன் நிற்கவில்லையே! "உனக்கு என்ன பிடிக்கும்" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மாமாதான் பதில் சொன்னார்.

நீங்கள் மூவரும் கீழே தே தாரிக் குடிக்கப் போனபோது என்ன நடந்தது தெரியுமா? என் பிரிண்டர் இரண்டு மாதமாகத் திடீர் திடீரென்று காணாமல் போகும். மடிக்கணினியில் தேடினால் 'இல்லை' என்று வரும். தம்பி மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு ரவுட்டரும் தனித்தனியா அட்ரஸ் கொடுக்குது" என்றான். பார்த்தால் பிரிண்டரின் முகவரி 192.168.0 என்று ஆரம்பிக்கிறது. என் மடிக்கணினிக்கு 192.168.1. இரண்டும் வேறு வேறு வலையில் இருந்ததால்தான் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. சிக்னல் போதவில்லை என்று நான் வாங்கி மாட்டிய இரண்டாவது ரவுட்டர் தனியாக ஒரு தாமானையே, குடியிருப்பையே, நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்பதை அணைத்தான், கேபிளை வேறு துளைக்கு மாற்றிச் செருகினான், பிரிண்டர் வந்துவிட்டது. பத்து நிமிடம். யாரிடம் கற்றாய் என்றேன். "வீட்டுல மாடிக்கு லைன் வராது சார், அதான்" என்றான்.

இந்த விருப்பத்துக்கு ஒரு படிப்பு இருக்கிறது. கணினி வலையமைப்பு, நெட்வொர்க்கிங். மாமா இதற்குத்தான் "கேபிள் இழுக்கிற வேலையா?" என்று சிரித்தார். சரி, கேபிளிலிருந்தே ஆரம்பிப்போம்.

சாதாரண நெட்வொர்க் கேபிளை உரித்தால் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். அந்த முறுக்குதான் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை அடக்குகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கின் அளவு வேறு. ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரித்தால் வேகம் கெடும். நூறு மீட்டரைத் தாண்டி இழுக்கக் கூடாது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் முனையில் மாட்டும் பிளக்கில் செருகி அழுத்த வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோது தம்பி குறுக்கிட்டு, பச்சை ஜோடியை மட்டும் ஏன் பிரித்து வைத்தார்கள் என்று கேட்டான். பழைய டெலிபோன் கம்பிக்காக நடு இரண்டு ஊசிகளை ஒதுக்கியதால் வந்த வினை அது. அந்தக் கேள்வி எல்லாருக்கும் வராது, அம்மா.

அந்தக் கேபிளில் என்ன போகிறது? நீங்கள் சென்னை உறவினருக்கு அனுப்பும் கல்யாணப் படம் முழுசாகப் போவதில்லை. மூன்று எம்பி படம் ஏறக்குறைய இரண்டாயிரம் துண்டாகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர் முகவரி. வழியில் இருக்கும் ரவுட்டர் எதற்கும் முழுப் பாதை தெரியாது. அடுத்து யாரிடம் தள்ளுவது என்பது மட்டும் தெரியும். துண்டு ஒன்று தொலைந்தால் மறுமுனை அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசைப்படி அடுக்கிக்கொள்கிறது. கடலைக் கடப்பதும் கேபிள்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக வரும் சேஃப் என்ற கடலடிக் கேபிள் 2002 முதல் நம் பினாங்கில்தான் கரையேறுகிறது. மாமா சொல்லும் 'கேபிள் வேலை' இவ்வளவு தூரம் போகும்.

படிக்க எங்கே போவது? மலையைத் தாண்டினால் பாலேக் பூலாவ் பாலிடெக்னிக். தகவல் தொழில்நுட்ப டிப்ளமா. அரசு பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டருக்கு இருநூறு வெள்ளி. விடுதியும் சாப்பாடும் தனி. மூன்று வருடத்துக்குள் முடியும், தொழிற்பயிற்சியும் அதிலேயே வரும். நெட்வொர்க் பாடங்களை எந்தப் பிரிவில் அதிகம் தருகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். இப்போதே பழக ஆசைப்பட்டால் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். திரையிலேயே ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் மாட்டிப் பார்க்கலாம்.

நெட்வொர்க் வேலைக்கு சிஸ்கோ தரும் சிசிஎன்ஏ என்று ஒரு சான்றிதழ் உண்டு. 120 நிமிடத் தேர்வு, கட்டணம் 300 அமெரிக்க டாலர், மூன்று வருடம் செல்லும். இதை முதல் வருடத்திலேயே எழுத வைக்காதீர்கள். காலாவதியாகும் சான்றிதழை வேலை தேடும் நேரத்தில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "வேலைக்கு உத்தரவாதம்" என்று சொல்லும் பயிற்சி மையம் எதற்கும் ஒரு காசு கட்டாதீர்கள்.

கஷ்டமும் உண்டு. ஏணியில் ஏறி, கூரைப் பலகைக்கு மேலே தூசியில் தலையை நுழைக்க வேண்டிவரும். லைன் விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே நெட்வொர்க் நின்றால் உற்பத்தியே நிற்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சேமநிதிப் பணம் உங்கள் இருவரின் வயதான காலத்துக்கு. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தம்பியை மட்டும் அனுப்புங்கள். அரசு உயர்கல்வி இடத்துக்கான யுபியு விண்ணப்பத்தை அவனே உட்கார்ந்து நிரப்பட்டும். வீட்டுக்கு வந்த பிறகு மாமா அதில் அவன் போட்ட விருப்ப வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.